மடியில் எடுத்த பரிசோதனை

காதில் எந்தச் சத்தமும் விழாதபோதும் கை தூக்குகிற மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதைப் பீப் சார் தம் இருபத்து மூன்றாவது வயதில் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகு அவரால் பிரார்த்தனை செய்ய முடியவில்லை.

பீப் சார் என்பது ஆஸ்பத்திரிக்கு வரும் குழந்தைகள் வைத்த பெயர். அரசு ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், எக்ஸ்ரே அறையைத் தாண்டி, கால் உடைந்த கட்டில்களை அடுக்கி வைத்திருக்கும் நடைவழியின் கோடியில் காது பரிசோதனை அறை இருக்கிறது. அறைக்குள் இன்னொரு சின்ன அறை. சுவரெல்லாம் துளை போட்ட பலகை, தடித்த கதவு, இரட்டைக் கண்ணாடி ஜன்னல். நோயாளி உள்ளே உட்கார வேண்டும். இவர் வெளியே கருவியின் முன்னால் இருப்பார். "பீப் சத்தம் கேட்டா கையத் தூக்குங்க. எவ்வளவு மெலிசா இருந்தாலும் தூக்குங்க." இந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்லியே முப்பத்தோரு வருடம் சம்பளம் வாங்கியவர் அவர்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூத்த டெக்னீஷியன் ஒரு வழக்கத்தைக் கற்றுக்கொடுத்தார். இடையிடையே பட்டனை அழுத்தாமல் சும்மா இரு. சத்தம் இல்லாத நேரத்தில் ஆள் என்ன செய்கிறார் என்று பார். முதல் மாதமே தபால் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் வந்தார். நேர்மையான மனிதர், தப்பாகத் தூக்கிவிடக் கூடாதே என்ற கவலையில் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பீப் சார் கையைக் கட்டிக்கொண்டார். வெறும் நிசப்தத்துக்கு அந்த மனிதர் நான்கு தடவை கை தூக்கினார்.

வெளியே வந்ததும், "கடைசில கொஞ்சம் சந்தேகமா இருந்துச்சா சார்?" என்று கேட்டார் இவர்.

"சந்தேகமே இல்ல தம்பி. மெலிசா, ஆனா நல்லாக் கேட்டுச்சு."

அவர் பொய் சொல்லவில்லை. கேட்கும் என்று காத்திருந்தார், கேட்டது. அன்று மாலை வீட்டில் வழக்கம்போலக் கண்மூடி உட்கார்ந்த பீப் சாருக்கு, சிறு வயதிலிருந்து தமக்கு உள்ளே கேட்டுக்கொண்டிருந்த பதில் உண்மையில் வந்ததா, காத்திருந்ததால் கேட்டதா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. கண்ணைத் திறந்து எழுந்துவிட்டார். அவ்வளவுதான். மேடை போட்டுப் பேசவில்லை, யார் வீட்டுக் கடவுள் படத்தையும் கழற்றச் சொல்லவில்லை.

வாயாடியது தங்கையிடம் மட்டும். பெற்றோர் அடுத்தடுத்துப் போய்விட, பத்து வயது இளைய அவளை வளர்த்துப் படிக்க வைத்துக் கல்யாணமும் செய்து கொடுத்தவர் இவர். தமக்கென்று ஒரு கல்யாணத்தைப் பற்றி யோசிக்க நேரம் கிடைத்தபோது வயது தாண்டியிருந்தது.

"நீ நரகத்துக்குத்தான் போவே, பாத்துக்கோ. அங்கயும் மெஷினைப் போட்டு உக்காந்துக்குவே," என்பாள் அவள்.

"அங்க எல்லாரும் கத்திக்கிட்டு இருப்பாங்களாமே? அந்த இரைச்சல்ல டெஸ்ட் எடுக்க முடியாதும்மா."

அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. பத்து மாதத்தில் ஒரு நாள், அடுப்படி மேடையிலிருந்து பெரிய பாத்திர மூடி ஒன்று தரையில் விழுந்து உருண்டது. வீட்டில் இருந்த அத்தனை பேரும் துள்ளினார்கள். மூடிக்கு இரண்டடி தள்ளிப் படுத்திருந்த குழந்தை தன் கால் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டே இருந்தது. பீப் சார் மூடியை எடுத்தார். குழந்தையின் முதுகுப் பக்கம் போய் மறுபடி போட்டார். தங்கை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேணாம்ணா, போடாதே," என்று மட்டும் சொன்னாள்.

அதன்பின் நான்கு வருடம் அந்தக் குழந்தைக்காகவே ஓடியது. இரண்டு காதுக்கும் செவித்துணைக் கருவி. வாரம் மூன்று நாள் பேச்சுப் பயிற்சி. கருவி போட்ட ஏழாவது வாரம் குழந்தை "மா" என்றது. அது அம்மாவில் பாதி என்றாள் தங்கை. இல்லை, மாமாவில் பாதி என்றார் இவர். "பெத்தவ நான், பேர் வாங்கறது நீயா?" என்று அவள் சண்டைக்கு வந்தாள். வீட்டில் எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்த கடைசிச் சண்டை அது. குழந்தைக்கு வரும் ஒவ்வொரு சொல்லையும் அவர் ஒரு நோட்டில் எழுதினார். ஐந்து வயது நெருங்கும்போது நாற்பத்து மூன்று சொற்கள் இருந்தன. அடுத்த பள்ளி ஆண்டில் சாதாரணப் பள்ளியில் சேர்க்கலாம், காதில் கருவி மட்டும் விடாமல் இருக்க வேண்டும் என்று பயிற்சி டீச்சர் சொன்னார்.

ஆனால் தங்கையின் மாமியாருக்கு வேறு கணக்கு. "எங்க வம்சத்துல செவிடு கிடையாது. வயித்துல இருக்கும்போது நீ என்ன பாவம் பண்ணினியோ," என்று விருந்தாளி வரும்போதெல்லாம் சொன்னாள். குழந்தையின் உட்காதில் நுண்ணிய சில செல்கள் வளராமல் போனதற்கு அதைப் பெற்றவளின் ஒழுக்கத்தைக் கேள்வி கேட்கும் இந்த அறிவை எந்தப் பள்ளியும் கற்றுத் தருவதில்லை. அது பக்தியோடு சேர்ந்து வீட்டிலேயே ஊட்டப்படுகிறது. பீப் சார் தங்கைக்கு விஞ்ஞானம் விளக்கினார். அம்மா பக்கம் ஒரு மரபணு, அப்பா பக்கம் ஒன்று, இரண்டும் சேர்ந்தால் இப்படி ஆகும் என்று தாளில் வரைந்து காட்டினார். அவர் சொன்னது அத்தனையும் சரி. அவள் காதில் விழுந்தது, "உன்னிடமிருந்தும்தான் வந்தது" என்பது மட்டும்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரி அவளை அருள்கூடத்துக்கு அழைத்துப் போனாள். பழைய சினிமா கொட்டகையை வாங்கி இடித்துக் கட்டிய மண்டபம். மூவாயிரம் நாற்காலி. மேடையில் அருளய்யா என்று ஒருவர். அவர் அவள் தலையில் கை வைத்து, "உன் தப்பு இல்லம்மா," என்றார். ஐந்து வருடத்தில் அவளிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது. அண்ணன்கூடச் சொல்லவில்லை. பீப் சார் பிற்பாடு தம்மை மன்னிக்காதது இந்த ஒன்றுக்குத்தான்.

நாலாவது வாரம் குழந்தையை மேடை ஏற்றினார்கள். அருளய்யா இரண்டு காதிலிருந்தும் கருவிகளைப் பிடுங்கி உயர்த்திக் காட்டினார். காதுகளில் கட்டைவிரலை வைத்து, "கேள்!" என்று மைக்கில் முழங்கினார். குழந்தை திரும்பிப் பார்த்தது. கூட்டம் எழுந்து நின்றது. அந்த மேடையின் இரு புறமும் ஆள் உயரத்துக்கு ஒலிபெருக்கிகள். குழந்தை நின்றது ஒன்றிலிருந்து நாலடி தூரத்தில். அந்தச் சத்தத்தின் அதிர்வுக்குத் திரும்பாமல் இருக்க வேண்டுமென்றால் நெஞ்சுக்கூடே இல்லாமல் இருக்க வேண்டும். இதைச் சொல்ல அங்கே ஒருவர் இல்லை. கருவிகள் மேடையோரம் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் போயின. சாட்சிப் பெட்டி என்று அதற்குப் பெயர். ஊன்றுகோல், இடுப்புப் பட்டை, மருந்துச் சீட்டு, மூக்குக் கண்ணாடி எல்லாம் அதில் கிடந்தன. அத்தனையும் ஏழை வீட்டுச் சாமான். அருளய்யாவின் தங்க பிரேம் கண்ணாடி மட்டும் அவர் மூக்கிலேயே இருந்தது.

மறுநாள் பீப் சார் தங்கை வீட்டுக்குப் போய்க் கத்தினார். வாழ்க்கையில் முதல் தடவை. அவள் கத்தவில்லை.

"அண்ணா, நான் கூப்பிட்டா திரும்புறா. சத்தியமாத் திரும்புறா. உன் மெஷின்ல நீயே வச்சுப் பாரு. நீ என்ன சொல்றியோ அதைக் கேக்கறேன்."

"கேக்கலேன்னு வந்தா கருவியைப் போடுவியா?"

"போடறேன். கேக்குதுன்னு வந்தா?"

"வந்தா நானும் உன்கூட அங்க வந்து உக்கார்றேன்."

அவள் சிரித்தாள். "முன் வரிசைல இடம் போட்டு வைக்கிறேன்."

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு வந்தார்கள். குழந்தையின் அப்பாவும் வந்திருந்தார். பஸ் டிரைவர், வீட்டில் தாய்க்கும் பயம், மனைவிக்கும் பயம், ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் ஆண்பிள்ளை. அவர் நடைவழியில் ஒரு கட்டில் சட்டத்தில் உட்கார்ந்துகொண்டார்.

சின்னக் குழந்தைகளுக்குக் கை தூக்கச் சொல்வதில்லை. குச்சியில் வளையம் மாட்டுவதுதான் விளையாட்டு. ஒலிபெருக்கியில் பீப் கேட்டால் ஒரு வளையம் மாட்ட வேண்டும். குழந்தை பயப்படாமல் இருக்கத் தாயின் மடியில் உட்கார வைப்பார்கள். பீப் சார் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து உரத்த சத்தத்தில் தொடங்கினார். குழந்தை வளையம் மாட்டியது. குறைத்தார். மாட்டியது. இன்னும் குறைத்தார். மாட்டியது. கருவியோடுகூடக் கேட்காத அளவுக்கு இறங்கினார். சிவப்பு வளையம் ஒன்று குச்சியில் இறங்கியது. நிசப்தம் விட்டுப் பார்த்தார், குழந்தை அசையவில்லை. பட்டனை அழுத்தினார், மஞ்சள் வளையம்.

அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எத்தனையோ தாய்மார் பொய்யான நம்பிக்கையோடு வந்து உடைந்து போனதைப் பார்த்தவர். தமக்கு ஒன்றும் வேண்டாம், தம் சந்தேகம் எல்லாம் பொய்யாகவே போகட்டும், இது மட்டும் உண்மையாக இருக்கட்டும் என்று நினைத்தார். யாரிடம் கேட்டார் என்று அவருக்கே தெரியாது. வரைபடம் அச்சாகி வந்தது. வந்த தாளில் உடனே கையெழுத்துப் போடுவது அவருடைய பழக்கம், போட்டார். ஆஸ்பத்திரி முத்திரையும் குத்தினார். கதவைத் திறந்து தங்கை கையில் கொடுத்தார். அவள் அதைப் படிக்கத் தெரிந்தவள். கண்ணில் ஒற்றிக்கொண்டு, போனில் படம் எடுத்து, யாருக்கோ அனுப்பினாள்.

"சொன்னேன்ல?" என்றாள்.

வளையங்களைப் பெட்டியில் போடப் போனவருக்கு, மேசை ஆணியில் தொங்கிய காது மூடி கண்ணில் பட்டது. மடியில் வைத்துப் பரிசோதிக்கும்போது முதலில் தாயின் காதை மூட வேண்டும். ஒலிபெருக்கிச் சத்தம் தாய்க்கும் கேட்கும். கேட்டால் அவள் உடம்பு இறுகும், மூச்சு ஒரு கணம் நிற்கும். மடியில் இருக்கும் குழந்தைக்கு அது போதும். முப்பத்தோரு வருடத்தில் எத்தனை பயிற்சிப் பிள்ளைகளை இதற்காகத் திட்டியிருப்பார்! "மூடியைப் போடாம எடுத்தா அது அம்மாவோட காது ரிப்போர்ட்டுடா" என்று. இன்றைக்குத் தாமே போடவில்லை. மறதியா, வேண்டுமென்றே உள்ளே ஏதோ மறைத்துவிட்டதா என்பதை அவர் கடைசிவரை நிச்சயமாகச் சொன்னதில்லை.

"இன்னொரு தடவை உக்காரும்மா. இதைக் காதுல போட்டுக்கோ."

"எனக்கு எதுக்கு?"

"போட்டுக்கோ."

அவள் போட்டுக்கொண்டாள். குழந்தை கையில் நீல வளையத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. பீப் சார் பட்டனை அழுத்தினார். வளையம் அசையவில்லை. கூட்டினார். அசையவில்லை. கண்ணாடிக்கு வெளியே நிற்பவருக்கே தடித்த கதவைத் தாண்டி மெலிதாகக் கேட்கும் அளவுக்குக் கூட்டினார். குழந்தை ஒன்றும் வராததில் குழம்பி, மெல்லக் கழுத்தைத் திருப்பித் தாயின் முகத்தைப் பார்த்தது. இப்போது மாட்டலாமா என்று கேட்கும் பார்வை. தங்கையும் அதைப் பார்த்தாள்.

அவள் காது மூடியைக் கழற்றி வைத்தாள். பிறகு எழுந்தாள்.

"என் காதை நீ மூடினே. அதான் கேக்கலை."

"அதைத்தானேம்மா நானும் சொல்றேன். அவளுக்குக் கேக்கலை. உனக்குக் கேட்டது."

"எனக்குக் கேட்டா அவளுக்குக் கேக்கும். அருளய்யா சொன்னார், உன் நம்பிக்கை வழியாத்தான் குழந்தைக்கு வரும்னு. நீ வழியை அடைச்சுட்டு, தண்ணி வரலைங்கறே."

"இங்க பாரு..."

"உனக்கு நல்லது நடந்தாலே பிடிக்காதுண்ணா. முதல்ல வந்தப்ப உன் கண்ணுலயே தண்ணி வந்துச்சு. நான் பாத்தேன். அப்புறம் உன்னால தாங்க முடியலை."

எந்தச் சோதனையிலும் தோற்காத நம்பிக்கை இப்படித்தான் இருக்கும். கேட்டால் அருள், கேட்காவிட்டால் உன் குறை. பரிசோதித்தவன்தான் குற்றவாளி. ஆயிரக்கணக்கான வருடமாக எல்லா ஊரிலும் எல்லா மொழியிலும் இதே ஏற்பாடு. இதில் நஷ்டப்படுவது மட்டும் எப்போதும் மடியில் இருப்பது.

பீப் சார் முதல் தாளைக் கிழித்தார். ஆனால் அது போனில் ஏறிப் போய்விட்டிருந்தது. பத்து நாளில் அருள்கூடத்தின் வாசலில் ஆறடிப் பலகை. வரைபடம், முத்திரை, அவருடைய கையெழுத்து. "கடவுளை மறுத்தவரே கையெழுத்திட்ட சாட்சி" என்று மேலே எழுதியிருந்தது. அவர் துறைத் தலைவரிடம் ஓடினார். மறுப்பு அறிக்கை ஒன்று தர வேண்டும் என்றார்.

"நீங்க போட்ட கையெழுத்துதானே?" என்றார் டாக்டர்.

"என்னோடதுதான் சார். தப்பா எடுத்தது."

"அப்ப தப்பா எடுத்தோம்னு ஆஸ்பத்திரி ஒத்துக்கணுமா? விடுங்க சார். அதுவும் நம்பிக்கை விஷயம். தொட்டா சுடும்." டாக்டர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அருளய்யாவின் சின்னப் படம் ஒன்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவரே அருள்கூடத்துக்குப் போனார். சாட்சி சொல்பவர்கள் வரிசையில் நின்று மைக்கைப் பிடித்தார். "வாசல்ல இருக்கற தாள்ல கையெழுத்துப் போட்டது நான்தான். அந்த டெஸ்ட் தப்பு. நான் ஒரு மூடியைப் போட மறந்துட்டேன். அந்தக் குழந்தைக்குக் காது கேக்காது. அதோட கருவியைத் திருப்பிக் கொடுங்க."

அருளய்யா எழுந்து வந்து அவர் தோளில் கை போட்டார். "பாருங்க! முப்பது வருஷம் மெஷினை நம்பினவர். இன்னைக்கு அந்த மெஷினையே சந்தேகப்படறார். இதுக்கு மேல அற்புதம் வேணுமா?" மூவாயிரம் பேர் கை தட்டினார்கள். தட்டிய கைகளுக்கு நடுவே பெட்டியை நோக்கி நடந்தவரை இரண்டு தொண்டர்கள் மரியாதையாகக் கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுவிட்டார்கள். "தாங்க்ஸ் ஐயா, நல்லாப் பேசினீங்க," என்றான் அதில் ஒருவன். கேலி இல்லை, உண்மையாகவே சொன்னான். முன் வரிசையில் தங்கை இருந்தாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் வீட்டுக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. குழந்தையைச் சாதாரணப் பள்ளியில் சேர்த்தாள். வகுப்பு டீச்சரிடம் காதைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் நம்பிக்கை குறைந்ததாகிவிடும். குழந்தை கடைசி பெஞ்சில் உட்கார்ந்தது. கூப்பிட்டால் திரும்பாதது திமிர் என்று எழுதி அனுப்பினார்கள். திமிருக்காக வெளியே நிறுத்தினார்கள். எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமல் அது நின்றது.

பீப் சார் புதிதாக ஒரு ஜோடிக் கருவி செய்து வாங்கி வைத்திருந்தார். அரையாண்டு விடுமுறையில் ஒரு புதன்கிழமை, பஸ் டிரைவர் குழந்தையைக் கையில் பிடித்தபடி நடைவழியில் வந்து நின்றார். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை.

"அவளுக்குத் தெரியாது மச்சான். பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"உள்ள வாங்க மாப்பிள்ளை."

முதலில் அவர் நோட்டை எடுத்தார். படங்களைக் காட்டிக் குழந்தையைப் பேச வைத்துப் பார்த்தார். நாற்பத்து மூன்றில் பதினாறு மிச்சம் இருந்தது. அந்தப் பதினாறிலும் ஓசை மழுங்கி, கேட்பவர் ஊகிக்க வேண்டியிருந்தது. "மா" இருந்தது. அது யாரைக் குறித்தது என்று அவர் ஆராயவில்லை.

புதுக் கருவியைக் காதருகே கொண்டுபோனார். குழந்தை தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டது. பொம்மை ஒன்றின் காதில் மாட்டிக் காட்டினார். தம் காதிலும் மாட்டிக் காட்டினார். இன்னொரு முறை நீட்டினார். அது அவர் கையைத் தட்டிவிட்டது. முகத்தில் அடமும் இல்லை, பயமும் இல்லை. தப்பான காரியம் ஒன்றைச் செய்யச் சொல்லும் பெரியவரைப் பார்க்கிற முகம். பிறகு இரண்டு காதுகளிலும் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, உதடுகளை அசைக்கத் தொடங்கியது. சத்தம் இல்லை. தினமும் தாயின் உதட்டைப் பார்த்துப் பார்த்துக் கற்றது. உதடு படிக்கத் தெரிந்த பீப் சாருக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. 'காது தந்தாய், நன்றி. காது தந்தாய், நன்றி.' அடிபிறழாமல், ஒரு சொல் விடாமல் ஏழு தடவை.

டிரைவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "விட்டுடலாமா மச்சான்? புள்ளை சந்தோஷமாத்தான் இருக்கா."

"அடுத்த புதனும் கூட்டிட்டு வாங்க."

"வேலைக்கு ஆகுமா?"

"தெரியாது. கூட்டிட்டு வாங்க."

அவர்கள் போனபின் பதிவேட்டில் எழுத வேண்டியிருந்தது. தேதி, வயது, இரண்டு காதிலும் கேட்கும் அளவு. குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினார்: 'குழந்தை கருவியை ஏற்கவில்லை. காரணம் காதில் இல்லை.'